ஆன்மாவும் ஆண்டவனும்: தத்துவ போதகர் தொடுத்த வழக்கு

கீழைநாட்டார் தம்மையே கடவுளாக வைத்து வணங்குகின்றனர் என்பது கிறித்துவப் போதகர் பலர் நெடுங்காலம் சொல்லிவந்த குற்றச்சாட்டு. கடவுள் படைத்தவர், ஆன்மா அவரால் படைக்கப்பட்டது. இரண்டையும் ஒன்றென்று கொள்வது தற்பூசையே என்பது அவர்கள் வாதம். இவ்வழக்கைத் தமிழிலேயே நூலாக எழுதி வாதிட்டவர் தத்துவ போதகர் எனப்பெற்ற இத்தாலியர், இராபர்ட் தெ நொபிலி.

1577ஆம் ஆண்டில் பிறந்த நொபிலி 1606இல் மதுரை வந்தார். துறவி உடை பூண்டு, புலால் நீக்கி, தமிழும் வடமொழியும் கற்றார். அவர் எழுதிய 'ஆத்தும நிருணயம்' ஆன்மா கடவுளின் கூறன்று என்று மறுக்கின்றது. கூறென்றால் கடவுள் பிளவுபடுவார். ஆன்மாவின் அறியாமையும் பாவமும் துன்பமும் அவரையே சாரும். இஃது எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. மறுபிறப்பை மறுக்குமிடத்தில் அவர் அத்துணை வலிமையோடு நிற்கவில்லை. உயர்வு தாழ்வு பழவினையால் வந்ததன்று, உடலுக்குத் தலையும் காலும் போலச் சமுதாயம் நடைபெற வேண்டியே அமைந்தது என்கிறார். காலாக இருப்பவனுக்கு இவ்விடை ஆறுதல் தருமா என்பது ஐயமே!

நிற்க. ஆன்மாவும் கடவுளும் ஒன்றல்ல என்ற மறுப்பு தமிழருக்குப் புதியதன்று. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் மாயாவாதத்தை எடுத்து மறுத்திருந்தார். பதி, பசு, பாசம் மூன்றும் வேறு வேறு பொருள்கள். கதிரவன் ஒளியின்றிக் கண் காணாதவாறு, இறைவன் அருளின்றி உயிர் அறியாது என்பது சித்தாந்தம். கண் ஒருபோதும் கதிரவன் ஆகாதன்றோ? அத்துவைதியரும், தாம் சொல்லும் 'நான்' பெயரும் உடலும் உடைய ஆளன்று. 'நான்' என்னும் செருக்கு அழிந்தபின் நிற்கும் பொருளே என்பர். ஆகவே தற்பூசை என்ற சொல் அவர்களுக்கும் பொருந்தாது.

மெய்யான வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. சித்தாந்தத்தில் உயிர் அனாதி. இறைவன் அதனைப் படைத்தானல்லன். கிறித்துவத்திலோ உயிர் படைக்கப்பட்டது. அதற்குப் பிறவியும் ஒன்றே. இதனை மூலநூல்களிலேயே தேடப் புகுந்தவர்களுள் ஒருவர், யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவராயிருந்த அமெரிக்கப் பாதிரியார் ஆய்சிங்டன். அவருடைய சிவஞானபோத, சிவப்பிரகாச மொழிபெயர்ப்புகள் 1854இல் அமெரிக்காவில் அச்சேறின.

பின்னர் வந்த போப் ஐயர் தம் திருவாசக மொழிபெயர்ப்பின் முன்னுரைக்கு 1900ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாளைக் குறித்தார். அன்று அவருக்கு எண்பது வயது நிறைந்தது. அந்நூலிலேயே உமாபதி சிவாசாரியாரின் திருவருட்பயனையும் ஆங்கிலத்தில் தந்து, வீடுபேற்றிலும் உயிர் அழிவதில்லை என்னும் சித்தாந்தக் கொள்கையை மேலைநாட்டாருக்கு விளக்கினார்.