மணியடிக்கும் நேரத்தை மாற்றிய பம்பாய்

1946 ஜூன் 20 அன்று பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தொடங்கியபோது அதற்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. பட்டாளத்துக்காகப் போட்டிருந்த கொட்டகைகளில்தான் வகுப்பு. ஆனால் வகுப்பு நடந்த நேரத்தில் ஒரு விசேஷம் இருந்தது. பாடமெல்லாம் காலையிலேயே முடிந்துவிடும். எங்கோ குமாஸ்தாவாக இருக்கும் மாணவர் அங்கிருந்து நேரே ஆபீசுக்குப் போகலாம். சம்பளத்தில் பிடித்தம் இருக்காது, கல்லூரியில் வருகைப் பதிவும் குறையாது.

கல்லூரியை நிறுவியவர் அம்பேத்கர். படிக்க நேரமும் இடமும் கிடைக்காத கஷ்டம் அவர் அனுபவித்தது. பம்பாயின் பரேலில், மில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த சால் குடியிருப்பு ஒன்றில், அவர் குடும்பத்துக்கு ஒரே அறை. அப்பா பையனை முன்னிரவிலேயே தூங்கச் சொல்லிவிட்டு இரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிடுவார். வீடு உறங்கும் அந்த வேளையில்தான் படிக்க இடம் கிடைத்தது.

பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் அமெரிக்கா போனவர், பிறகு லண்டனில் தொடங்கிய படிப்பு பாதியில் நிற்க, ஊர் திரும்பி, அதைத் தொடரப் பணம் சேர்ப்பதற்காகப் பம்பாய் சிடனம் கல்லூரியில் பேராசிரியராக வேலை பார்த்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம், கோலாப்பூர் மன்னர் தந்த உதவி, பார்சி நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய 5,000 ரூபாய் கடன் எல்லாம் சேர்ந்துதான் 1920இல் கப்பல் ஏற முடிந்தது. லண்டனில் பகல் முழுக்க நூலகம். ராத்திரி பசித்தால், தெரிந்தவர் ஒருவர் கொடுத்திருந்த அப்பளத்தைச் சுட்டுத் தின்பார். பாரிஸ்டராகி ஊர் திரும்பிய பிறகும் பணமுடை தீரவில்லை. 1925 முதல் 1928 வரை கணக்கியல் பயிற்சி நிலையம் ஒன்றில் பகுதி நேரமாக வணிகச் சட்டம் நடத்தினார்.

வேலைக்கு ஏற்பப் பள்ளி நேரத்தை வளைப்பது அந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1855இலேயே புனேயில் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் உழைப்பாளிகளுக்கு இரவுப் பள்ளி நடத்தினார்கள். 1911இல் என்.எம்.ஜோஷி தொடங்கிய சமூக சேவைக் கழகம் பம்பாய்த் தொழிலாளர்களுக்கு இரவு வகுப்புகள் நடத்தியது.

அதற்கு முன்பே, 1908இல், கர்நாடகக் கரையோர மீனவச் சமூகமான மொகவீரர்கள் பம்பாயில் இலவச இரவுப் பள்ளி ஒன்றைத் திறந்துவிட்டார்கள். அந்தக் கரையோரத்திலிருந்து வந்த பையன்களுக்கு உடுப்பி ஹோட்டல்களில் வேலை கிடைத்தது. சாப்பாடும் படுக்கையும் ஹோட்டலிலேயே. சம்பளம் மணியார்டராக ஊருக்குப் போய்விடும். கையில் காசு தங்காவிட்டாலும் செலவும் அதிகமில்லை. சிக்கல் வேறிடத்தில். சாயங்கால டிபன் கூட்டம் மொய்க்கும் நேரமும் வகுப்பு தொடங்கும் நேரமும் ஒன்றையொன்று முட்டும். முதலாளி மனம் வைத்தால்தான் பையன் பள்ளிக்கு. இரவுப் படிப்பைத் தனிமனித விடாமுயற்சியின் கதையாக மட்டும் சொல்கிறவர்கள் அந்த முதலாளியை மறந்துவிடுகிறார்கள். பெண்களை அதைவிடச் சுலபமாக மறக்கிறார்கள். வேலை முடிந்து, வகுப்பும் முடிந்து, தனியாக வீடு திரும்ப எத்தனை பெண்களை அனுமதித்திருப்பார்கள்?

தமிழ்நாட்டிலிருந்து பம்பாய்க்குப் போனவர்களின் மூலதனம் டைப்பும் ஷார்ட்ஹேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழோடு ரயிலேறி, அந்நகரின் மாட்டுங்கா பகுதியில் நாலைந்து பேராக ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டார்கள். சமையலுக்கு அங்கே நேரமும் இல்லை, இடமும் இல்லை. 1942இல் மாட்டுங்கா ரயில் நிலையத்தருகே ராம நாயக் திறந்த உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் போன்ற சாப்பாட்டுக் கடைகள் அந்த வேலையைத் தம் தலையில் ஏற்றுக்கொண்டன. ஆபீசுக்கு முன்னால் காலைக் கல்லூரி, மாதம் பிறந்தால் ஊருக்கு மணியார்டர் என்று ஓடியவர்களுக்கு, ஒருவேளைச் சாப்பாடு தட்டில் தயாராக வருவது பெரிய மிச்சம்.

இரவுப் பள்ளிகள் இன்றும் மும்பையில் நடக்கின்றன. மாலை ஆறரை வாக்கில் வகுப்பு தொடங்கும். பகல் பள்ளியில் ஐந்தாறு மணி நேரம் கிடைப்பதை ஏறக்குறைய பாதி நேரத்தில் முடிக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மட்டும் சலுகை இல்லை. இரு சாராருக்கும் ஒரே வினாத்தாள்.