எஞ்சின் ஓடுகிறது, வண்டி ஓடவில்லை!

மேல்நாடுகளில் வீட்டைச் சுற்றிப் பரந்த புல்வெளி வைத்திருப்போர், ஏறி அமர்ந்து ஓட்டும் புல்வெட்டும் எந்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். பார்வைக்கு அது ஒரு குட்டி டிராக்டர். அதில் அடிக்கடி நேரும் கோளாறு ஒன்று உண்டு. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் நன்றாகவே முழங்கும்; ஆனால் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி இருந்த இடத்தைவிட்டு அசையாது. எரிபொருள் எரிகிறது, ஆற்றல் பிறக்கிறது. அது சக்கரத்தைப் போய்ச் சேரவில்லை. ஏன்? விடை காண நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்னும் ஊர்ப்பகுதி கம்பளி நெசவுக்குப் பேர்பெற்றது. நெய்த துணியின்மேல் துருத்தி நிற்கும் மயிரிழைகளைச் சுருள் கத்திகளால் சீவியெடுக்கும் எந்திரம் அங்கே இருந்தது. அதைக் கண்ட எட்வின் படிங் என்ற பொறியாளர், துணியைச் சீவுவதுபோல் புல்லையும் சீவினால் என்ன என்று எண்ணினார். 1830-இல் புல்வெட்டும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆள் தள்ளினால் பின்னுருளை உருளும். பற்சக்கரங்கள் வழியே கத்தி சுழலும். தள்ளுபவர் நின்றால் எந்திரமும் நிற்கும். ஆகவே நம் கோளாறு அன்று எழவே வழியில்லை.

1840-களில் மட்டக்குதிரை இழுக்கும் எந்திரங்கள் வந்தன. புல்தரையில் குளம்பு பதியாதிருக்கக் குதிரைக்குத் தோல் செருப்பு மாட்டினார்கள்! 1890-களில் நீராவியும், 1902-இல் பெட்ரோலும் குதிரையின் வேலையை ஏற்றன. அப்போதுதான் புதிய தேவை பிறந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்க வேண்டும். வண்டியோ வேண்டும்போது நகர்ந்து, வேண்டாதபோது நிற்க வேண்டும். இதற்கு எளிய வழி, இரு கப்பிகளைச் சுற்றிய ஒரு பட்டை. பட்டையை இறுக்கினால் வண்டி நகரும், தளர்த்தினால் நிற்கும்.

பட்டையில் பற்கள் இல்லை, ஆணி இல்லை. கப்பியைப் பற்றி இழுப்பது உராய்வு மட்டுமே. இதன் கணக்கை 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தவர் கணித மேதை ஆய்லர். ஜெர்மானியப் பொறியாளர் ஐட்டெல்வைன் 1808-இல் வெளியிட்ட நூலிலும் அது இடம்பெற்றது. கரையில் நட்ட தூணில் கப்பலின் கயிற்றைச் சில சுற்றுகள் சுற்றிவிட்டு, மறுமுனையை ஒருவர் பிடித்தாலே கப்பல் அடங்கி நிற்கிறதல்லவா? அதே கணக்குதான்.

உராய்வுக் குணகம் 0.3 என்று கொள்வோம். கயிறு அரைச் சுற்றுச் சுற்றியிருந்தால், இறுகிய பக்கத்தின் இழுவிசை தளர்ந்த பக்கத்தைப்போல் ஏறத்தாழ 2.6 மடங்குவரை இருக்கலாம். முழுச் சுற்றுக்கு 6.6 மடங்கு; ஒன்றரைச் சுற்றுக்கு 17 மடங்கு. கோணம் கூட்டலில் வளர, விகிதம் பெருக்கலில் வளர்வதைக் கவனியுங்கள்.

ஆனால் கப்பியில் பட்டை ஏறத்தாழ அரைச் சுற்றுத்தான் தொட முடியும். என்ன செய்வது? பட்டையை ஆப்பு வடிவில் செய்து, ஆங்கில ‘வி’ எழுத்துப்போன்ற பள்ளத்தில் பதித்தார்கள். 1917-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் ரப்பர் வி-பெல்ட்டை உருவாக்கினார். பள்ளத்தின் கோணம் 38 பாகை எனில், ஆப்பின் நெருக்கத்தால் 0.3 என்ற குணகம் 0.92 போலச் செயற்படும். அரைச் சுற்றிலேயே 18 மடங்கு கிடைத்துவிடுகிறது!

இனி நம் வண்டிக்கு வருவோம். முதலில் எஞ்சினை நிறுத்தி, சாவியையும் தீப்பொறிச் செருகியின் கம்பியையும் கழற்றிவிடுங்கள். பிறகு, பட்டை கழன்றோ அறுந்தோ கிடக்கிறதா, அதை இறுக்கும் கப்பியின் சுருள்வில் ஒடிந்திருக்கிறதா என்று பாருங்கள். வில் ஒடிந்தால் தளர்ந்த பக்க இழுவிசை சுழியாகிறது. சுழியை 18-ஆல் பெருக்கினாலும் சுழியே. அடுத்து, பட்டை தேய்ந்து மெலிந்திருக்கிறதா? மெலிந்த பட்டை பள்ளத்தின் அடியில் போய் உட்காரும். ஆப்பின் பிடி போய், 18 மடங்கு மீண்டும் 2.6 ஆகிவிடும். எண்ணெய் கசிந்து பக்கங்கள் வழுவழுப்பாயினும் பிடி குறையும்.

சில வண்டிகளில் சக்கரத்தைச் சுழற்றுவது எண்ணெய் அழுத்தம். எஞ்சின் நின்றிருக்கையில் வண்டியைக் கையால் தள்ளுவதற்காக அவற்றில் ஒரு நெம்புகோல் இருக்கும். அதைத் திரும்ப மூட மறந்தால், எண்ணெய் அழுத்தமின்றி வீணே சுற்றிவரும். பெரும் பழுது என்று அஞ்சுமுன் இதையும் பார்த்துவிடுங்கள்.

உராய்வு ஆற்றலைத் தின்னும் பகைவன் என்று பாடத்தில் படிக்கிறோம். அதற்காகத்தான் எண்ணெய் இடுகிறோம். ஆயினும் அந்தப் பகைவன் விலகிய இடத்தில் எஞ்சினின் ஆற்றல் அத்தனையும் வெறும் முழக்கமாகவே முடிகிறது. அடுத்தமுறை மாவரைக்கும் ஆலைக்குச் சென்றால், அங்கே பட்டை ஓடினால் சற்று நின்று பாருங்கள். அதன் இரு பக்கங்களில் எது இறுக்கம், எது தளர்வு என்று உங்களால் சொல்ல முடிகிறதா?