நோயில்பூசுதல்: நம்பிக்கையோர் சமூகத்தின் மன்றாட்டு

கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வந்தனர். கூட்டத்தால் வழி கிடைக்காததால் கூரையைப் பிரித்து அவரைக் கட்டிலோடு இறக்கினர். இயேசு 'அவர்களுடைய' நம்பிக்கையைக் கண்டார் என்கிறார் நற்செய்தியாளர் (மாற் 2:1-12). நோயாளர் தனியாக நம்ப வேண்டியதில்லை. அவரைச் சுமக்கும் சமூகமும் அவருக்காக நம்புகிறது.

இதையே தூய யாக்கோபு தம் திருமுகத்தில் ஒழுங்குபடுத்துகிறார் (5:14-16). நோயாளர் திருச்சபையின் மூப்பர்களை அழைக்க வேண்டும்; அவர்கள் ஆண்டவர் பெயரால் எண்ணெய் பூசி மன்றாட வேண்டும்; அனைவரும் தம் பாவங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவர் மற்றவருக்காக வேண்ட வேண்டும். இங்கே அழைப்பவர் நோயாளரே என்பதைக் கவனிப்போம். அவர் பேசும் நிலையில் இருக்கிறார்.

1551-இல் திரிதெந்து பொதுச்சங்கம் இது கிறிஸ்து ஏற்படுத்திய அருளடையாளம் என்று உறுதிப்படுத்தியது. ஆனால் நடைமுறையில் அது சாகும் வேளைக்குரியதாகச் சுருங்கியது. நம் முன்னோர் இதை 'அவஸ்தைப்பூசுதல்' என்றே அழைத்தனர். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், 'நோயில்பூசுதல்' என்பதே இதற்கு மிகப் பொருத்தமான பெயர் என்றும், இது இறக்கும் தறுவாயில் உள்ளோருக்கு மட்டும் உரியதன்று என்றும் கற்பித்தது. 1972-இல் திருத்தந்தை புனித ஆறாம் பவுல் சடங்கைப் புதுப்பித்தார். குரு நோயாளரின் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி மன்றாடுகிறார்.

கடும் நோயுற்றோர், முதுமையால் தளர்ந்தோர், பெரிய அறுவைச் சிகிச்சைக்குச் செல்வோர் இதைப் பெறலாம். குணமடைந்து மீண்டும் நோயுற்றாலும், அதே நோய் முற்றினாலும், மறுபடியும் பெறலாம்.

ஆயினும் "சாமியாரைக் கூப்பிட்டால் அம்மா பயந்துவிடுவார்" என்று இன்றும் பல குடும்பங்கள் தள்ளிப்போடுகின்றன. நினைவு தப்பிய பிறகே நம்மைத் தேடி ஆள் வருகிறது. நாமும் விரைந்து செல்கிறோம். ஆனால் அந்தத் தாய் தம் வாயால் பாவ அறிக்கை செய்யவும், நற்கருணை உட்கொள்ளவும், 'ஆமென்' சொல்லவும் இருந்த வாய்ப்பு போய்விடுகிறது.

எண்ணெய் பூசினால் நோய் கட்டாயம் நீங்குமா? சிலருக்கு உடல்நலம் திரும்புகிறது, எல்லாருக்கும் அல்ல. தூய பவுல் மும்முறை வேண்டியும் அவருடைய முள் நீங்கவில்லை; தாங்கும் அருள் கிடைத்தது (2 கொரி 12:7-9). ஆகவே நலம் பெறாதவரிடம் "உனக்கு நம்பிக்கை குறைவு" என்று சொல்வது பெரும் அநீதி. மருத்துவரும் மருந்தும் ஆண்டவரின் கொடையே (சீஞா 38:1-14). மன்றாட்டுக்காக மருந்தை நிறுத்தக் கூடாது.

எண்ணெய் பூசும் பணி குருவுக்குரியது. சுமந்து வரும் பணியோ நம் அனைவருக்கும் உரியது. நம் அன்பியத்தில் படுக்கையில் இருப்பவர் யார்? அவரைச் சந்திப்போம். அவரோடு மனத்தாங்கல் இருந்தால் முதலில் ஒப்புரவாகி, பிறகு சேர்ந்து செபிப்போம். அவர் பேசும் நிலையில் இருக்கும்போதே, "சாமியாரை வரச் சொல்லட்டுமா?" என்று அன்போடு கேட்போம்.