வீடு தெரிந்த வைத்தியர்

கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் வயதானவர்களும் சீனி வருத்தக்காரர்களும் இருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன், நோன்புக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, எங்கள் உம்மும்மா சுபஹ் தொழுதுவிட்டு வந்து குசினியில் விழுந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை, பேச்சும் குழறியது. பாரிசவாதம் என்றே நாங்கள் நினைத்தோம். பக்கத்து டிஸ்பென்சரியின் வயதான டொக்டர் ஓடி வந்தார். விரலில் குத்திப் பார்த்தால் சீனி மிகவும் கீழே இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றி, கண்காணிப்பில் வைக்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அதற்கு முன் ஒன்று கேட்டார்: "வீட்டில் இருக்கிற எல்லாக் குளிசையையும் கொண்டு வாங்க."

ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொட்டினோம். சீனிக்கான ஒரே மருந்து, இரண்டு பெயரில், இரண்டு பக்கெட்டில் இருந்தது. ஒன்று கிளினிக்கில் கொடுத்தது, மற்றது டவுனில் செனல் பண்ணிய விசேட வைத்தியர் எழுதியது. இவர் கொடுத்தது அவருக்குத் தெரியாது, அவர் எழுதியது இவருக்குத் தெரியாது. இரண்டு பேரிடமும் சொல்லாதது எங்கள் பிழை.

டொக்டர் அத்தோடு விடவில்லை. "மகன் கட்டாருக்குப் போய் ஒரு மாதம் இருக்குமே, உம்மா ராவைக்குச் சாப்பிடுறாவா?" என்றார். அவர் சாப்பிடுவதில்லை. அது வீட்டில் இருந்த எங்களுக்கே படவில்லை. அந்த மகனுக்குச் சின்ன வயதில் மருந்து கொடுத்த மனிதருக்குப் பட்டது.

குடும்ப மருத்துவம் என்பது இதுதான். இது வெளிநாட்டிலிருந்து நேற்று வந்த ஒன்று என்று நினைக்கிறோம். நம்முடைய மண்ணின் வரலாறு வேறு கதை சொல்கிறது.

வஹகோட்டை என்றால் எல்லோருக்கும் அந்தோனியார் கோயில்தான் ஞாபகம் வரும். கண்டி மன்னர்களின் காலத்தில் இங்கே குடியேறிய போர்த்துக்கேயரின் வழிவந்தவர்கள் நமது அயலவர்கள். கண்டி இராச்சியத்தின் கத்தோலிக்கர்கள் மதிக்கும் ஜோசப் வாஸ் அடிகளார் 1692இல் கண்டிக்கு வந்தபோது, ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறை வைக்கப்பட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன் நகரை விட்டு வெளியேறினார். வீட்டார் கூட நோயாளிகளைக் கைவிட்டு ஓடினார்கள். வாஸ் அடிகளாரும் அவரது மருமகனான கார்வல்யோ அடிகளாரும் நகரிலேயே நின்றார்கள். பெரியம்மைக்கு அன்று மருந்தே இல்லை. குடிசை கட்டிக் கொடுத்தார்கள், கஞ்சி ஊட்டினார்கள், புண்ணைக் கழுவினார்கள், இறந்தவர்களை அடக்கினார்கள். மதம் பார்க்கவில்லை. குணப்படுத்த வழியில்லாத இடத்திலும் பராமரிக்க வழி இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா? 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நம்மவர்களின் பங்கும் குறைந்ததல்ல. கண்டி அரண்மனையின் மருந்துப் பிரிவான 'பெஹெத்கே'யில் முஸ்லிம் வைத்தியர்கள் பணியாற்றினார்கள். அவர்களில் பெயர்பெற்றது கோபால முதலியின் குடும்பம். 1760இல் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனைக் கொல்லச் சதி நடந்தபோது மன்னரை எச்சரித்தவர் இந்த முஸ்லிம் வைத்தியர்தான். அதற்குப் பரிசாகக் காணிகள் கிடைத்தன. பௌத்த மன்னர் ஒருவர் தன் உயிரை முஸ்லிம் வைத்தியரின் கையில் கொடுத்திருந்தார். அந்த நம்பிக்கை ஒரே நாளில் வருவதில்லை. வீட்டுக்குள் போய் வந்து, நல்லது கெட்டதில் கூட நின்று வருவது அது.

இந்த எண்ணத்துக்கு நம் அறிவு மரபிலும் ஆழமான வேர் உண்டு. பல்க் நகரத்து அபூ ஸைத் அல்பல்கி (850–934) எழுதிய நூலின் பெயரே 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்புஸ்', அதாவது உடல்களினதும் உள்ளங்களினதும் நலன்கள். கவலை, பயம், கோபம் ஆகியவற்றையும் நோயின் பகுதியாகவே அவர் பேசினார். திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும் நோயை மட்டும் பார்க்கச் சொல்லவில்லை, நோயாளியின் நிலையையும் காலத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் ஆஸ்பத்திரிகள் பெருகின. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பமானது. மிட்வைஃப் மிஸ் வீடு தேடி வருவது அந்த வழியில் வளர்ந்த பழக்கம். கர்ப்பிணியின் வயிற்றை மட்டும் பார்த்துவிட்டு அவர் போவதில்லை. கிணறு எங்கே, கக்கூஸ் இருக்கிறதா, மூத்த பிள்ளை ஏன் மெலிந்திருக்கிறது என்று எல்லாம் கேட்பார்.

1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் இலங்கையில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். நமக்குப் பக்கத்து மாவட்டங்களான குருநாகல், கேகாலையில் அடி பலமாக விழுந்தது. குயினைன் கொடுத்தும் பலர் தப்பவில்லை, ஏனென்றால் அவர்கள் ஏற்கனவே பட்டினி கிடந்தவர்கள். மருந்தோடு சோறும் கொடுக்க வேண்டும் என்பதை நாடு அன்று கசப்பாகக் கற்றது. அதன் பிறகு கிராமப்புறச் சுகாதார வசதிகள் விரிந்தன. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது.

இன்னொன்றும் நம்மில் பலருக்குத் தெரியாது. குடும்ப மருத்துவமும் மற்றவை போல ஒரு தனித்துறைதான். இலங்கை பொது மருத்துவர்கள் கல்லூரி 1974இல் உருவானது. பட்டப்பின் மருத்துவ நிறுவகம் இத்துறையில் டிப்ளோமாவும் எம்.டி. பட்டமும் வழங்குகிறது. "சும்மா டிஸ்பென்சரி டொக்டர்தானே" என்று நாங்கள் சொல்லும்போது இதை மறந்துவிடுகிறோம்.

நம் நாட்டில் யாரும் எந்த விசேட வைத்தியரையும் நேரே செனல் பண்ணலாம், கடிதம் தேவையில்லை. அது ஒரு வசதிதான். ஆனால் நெஞ்சுக்கு ஒருவர், சீனிக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர் என்று போகும்போது முழு மனிதரைப் பார்க்க யாரும் மிஞ்சுவதில்லை. விசேட வைத்தியர் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. உம்மும்மாவுக்கும் அவர் தேவைப்பட்டார். அவரிடம் யார் அனுப்புவது, திரும்பி வந்ததும் யார் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது என்பதுதான் கேள்வி.

எனவே நம் வீடுகளில் நான்கு விடயங்களைச் செய்வோம்.

1. முழுக் குடும்பத்துக்கும் ஒரு டொக்டரை வைத்துக்கொள்வோம். அடிக்கடி மாற்ற வேண்டாம்.

2. ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி. கிளினிக், செனல், தனியார் ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் அது கூடவே போகட்டும்.

3. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், யூனானி, ஆயுர்வேத மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு அவரிடம் காட்டுவோம்.

4. சீனி வருத்தக்காரர்கள் நோன்புக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னரே போய்க் கேட்க வேண்டும். சிலருக்கு மருந்தின் அளவும் நேரமும் மாறும். சிலருக்கு நோன்பு பிடிக்க வேண்டாம் என்பார். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை அது, வெட்கப்பட ஒன்றுமில்லை.

உம்மும்மா அந்த வருடம் நோன்பு பிடிக்கவில்லை. அழுதார். டொக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, "அடுத்த வருஷம் பார்ப்போம் உம்மா" என்றார். பிறகு மகனுக்குக் கோல் எடுத்து, கிழமைக்கு இரண்டு தரம் உம்மாவோடு பேசச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவர் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினார்.

உங்கள் வீட்டைத் தெரிந்த டொக்டர் ஒருவர் இருந்தால், அடுத்த முறை காணும்போது ஒரு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.