முந்திரிக்கு மாறிய மக்ரூன்

முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப் பருப்பு. தூத்துக்குடி மக்ரூனில் இந்த மூன்றுதான். முந்திரியை எடுத்துவிட்டுப் பாதாமைப் போட்டால், பிரான்சு நாட்டுப் பலகார நூல்கள் சொல்லும் மக்ரோனுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுவோம். 1653-இல் பாரிசில் அச்சான ‘ல பத்திசியே பிரான்சுவா’ என்ற நூலிலேயே அதன் செய்முறை உண்டு. அந்த நூல் வெளிவந்த ஐந்தாம் ஆண்டில், 1658-இல், டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள்.

இந்தப் பலகாரத்தைக் கொண்டுவந்தது யார்? ஊரில் பெரும்பாலும் போர்த்துக்கீசியரைச் சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலத்து பேக்கரிகளைச் சொல்கிறவர்களும், கொழும்பிலிருந்து கப்பலேறி வந்தது என்கிறவர்களும் உண்டு. மூன்றிலும் உண்மை இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முந்திரி மரம் பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தது, அதில் ஐயமில்லை. பாதாம் மக்ரூன் ஆங்கிலேயர்களின் சமையல் நூல்களிலும் நெடுநாளாக இருக்கிறது. இன்று நாம் சொல்லும் பெயரும் அவர்கள் சொன்ன பெயர்தான். கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே ஆளும் சரக்கும் ஓயாமல் போய்வந்த காலம் ஒன்று இருந்தது. பாதாம் இந்தக் கரையில் விளையாது, விலையும் அதிகம். முந்திரியோ தேரிக்காட்டுச் செம்மணலிலும் வளரும். மலைக்கு அந்தப் பக்கம் கொல்லத்தில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். பாதாமின் இடத்தில் முந்திரியைப் போட்டுப் பார்த்த அந்தக் கையைத்தான் நான் இந்த மக்ரூனைப் பெற்ற கை என்பேன். அந்தக் கைக்கு உரியவரின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

எழுதிவைக்க அச்சு இல்லாத கரையா இது? புன்னைக்காயலில் பரதவர்களிடையே வாழ்ந்து தமிழ் கற்ற என்றீக்கே என்றீக்கசு பாதிரியாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சானது. பாரிசின் அந்தப் பலகார நூலுக்கு அது 75 ஆண்டு மூத்தது. முத்துக்குளித்துறை மக்களுக்கு மறைநூல் அச்சில் வந்தது. அடுப்படி மட்டும் வாய்வழியாகவே நடந்தது. பிரான்சிலும் நான்சி நகரத்தில், புரட்சியில் மடங்கள் கலைக்கப்பட்டபின், இரண்டு கன்னியர் தாங்கள் அறிந்த மக்ரோனைச் சுட்டு விற்றுத்தான் 1792-இல் பிழைத்தார்கள். ஆனால் அங்கே நூல்களும் கூடவே வளர்ந்தன. வீட்டுப் பெண்கள் அவற்றைப் பார்த்துச் சுட்டார்கள். இங்கே பேக்கரி அடுப்பருகே நின்று பழகியவருக்குத்தான் பக்குவம் வசப்பட்டது.

அந்தப் பக்குவத்தில்தான் இரண்டும் வெவ்வேறு பலகாரங்களாகப் பிரிந்தன. நான்சி மக்ரோன் தட்டையானது, மெல்லும்போது இழுபடும். இன்று பாரிசில் விற்பதோ நடுவே கிரீம் வைத்து ஒட்டிய இரட்டை வில்லை. அதற்கு நுரைத்த வெள்ளைக்கருவில் பாதாம் மாவைக் கலந்தபின், கலவை இளகி வழியும்வரை நுரையை வேண்டுமென்றே தணிப்பார்கள். தூத்துக்குடிக்காரர் நுரையைத் தணிய விடமாட்டார். காகிதக் கூம்பில் நிரப்பிப் பிழிந்தால் கோபுரம்போல் கூர்நுனியோடு நிற்க வேண்டும். மஞ்சள் கரு துளி விழுந்தாலும் நுரை எழாது. கொழுப்பு அதைக் கெடுத்துவிடும். முந்திரிக்கும் இதே எச்சரிக்கைதான். கூடுதலாக அரைத்தால் எண்ணெய் கக்கும், எழும்பிய நுரை அப்படியே அமுங்கிப்போகும். பிறகு அடுப்பு. இதற்கு வேண்டியது வேக வைக்கும் சூடு இல்லை, உலர்த்தும் சூடு. ரொட்டி சுட்டு முடித்த விறகு அடுப்பில் மிஞ்சுகிற இளஞ்சூட்டுக்கு இது எவ்வளவு பொருந்துகிறது! வாயில் போட்டதும் மேலோடு நொறுங்கி, உள்ளே மட்டும் முந்திரி கொஞ்சம் பல்லில் ஒட்டுவது அந்த நிதானத்தின் பலன்.

இப்போது பல வீடுகளில் ஓவன் இருக்கிறது. பிரெஞ்சு சமையல் நூலைப் பார்த்து மக்ரோன் செய்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை அந்தச் செய்முறையின் ஓரத்தில் தூத்துக்குடிக்காரரின் மாற்றங்களைத் தமிழில் குறித்துவையுங்கள். பாதாமுக்குப் பதில் முந்திரி, விட்டுவிட்டு அரைத்த கொரகொரப்பான தூளாக. சீனியை ஒரேயடியாகக் கொட்டாமல் அடிக்க அடிக்கச் சிறிது சிறிதாக. முந்திரி சேர்ந்தபின் கரண்டியால் அடியிலிருந்து மேலாக மெல்லப் புரட்டினால் போதும். 150 டிகிரியில் கால் மணி நேரம் என்று நூல் சொன்னால், நீங்கள் 110 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடுங்கள். அணைத்தபிறகும் கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிடுங்கள். மழை நாளில் இந்த வேலையில் இறங்க வேண்டாம், நுரை உலராது. ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. திறந்து வைத்த மக்ரூன் அந்தக் காற்றில் எவ்வளவு சீக்கிரம் நமத்துப்போகும் என்று அவர்களுக்குத் தெரியும்.