கருவில் வளரும் சிசுவின் அளவு

தாயிடமிருந்து போதிய ஊட்டம் பெறாத சிசு கருவிலேயே மெலிவதுண்டு. அக்குறை பல வேளைகளிற் பிறப்பின் பின்னரே, சிலவேளை இறப்பின் பின்னரே, வெளிப்பட்டது. ஏனெனில், தாயின் வயிற்றைத் தொட்டும் அளந்தும் மருத்துவர் உய்த்துணர்ந்தனரேயன்றி, சிசுவை நேரே அளந்தாரில்லை. எக்ஸ் கதிர் தீங்கு பயக்குமென்ற ஐயமும் 1956இல் எழுந்தது.

ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேற்றுப் பேராசிரியராயிருந்த இயன் டொனால்ட், உலோகத்தின் உள்வெடிப்புகளை ஆராயும் மீயொலிக் கருவியை 1955இல் உடற்கட்டிகளிற் சோதித்தார். பொறியியலாளர் தொம் பிறவுண், மருத்துவர் ஜோன் மக்விக்கர் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1958இல் 'லான்செற்' இதழில் வெளிவந்தது. ஒலி சென்று மீளும் நேரம் தூரத்தைக் காட்டும். ஆதலின், சிசுவின் தலையின் இருபுறத்து எதிரொலிகளுக்கும் உள்ள இடைவெளி தலையின் அகலத்தைத் தந்தது.

1968இல் ஸ்ருவேட் கம்பல் அவ்வளவைத் திருத்தமாகப் பெறும் முறையை வகுத்தார். 1973இல் ஹியூ றொபின்சன், உச்சிமுதற் பிட்டம்வரையுள்ள நீளத்தைக்கொண்டு தொடக்க மாதங்களிற் கருவின் வயதைக் கணித்தார்.

வயதறியாது வளர்ச்சியை மதிப்பிடல் இயலாது. முதலளவு வயதைக் கூறும். இடையிட்டெடுத்த பின்னளவுகளே வளர்ச்சியைக் கூறும். சிறிய சிசுவெல்லாம் மெலிந்த சிசுவன்று. தன் வளர்ச்சிக்கோட்டினின்று தாழும் சிசுவே மருத்துவரின் கவனத்தை வேண்டி நிற்பது.