சயாம் மரண இரயில் பாதையும் தன்வரலாற்று நூல்களும்

நூலகத்தில் தன்வரலாறுகளைக் கூடிப் படித்துக் கலந்துரையாடுவோர் சயாம் மரண இரயில் பாதையை எடுத்துக்கொள்வராயின், முதலில் கைக்கு எட்டுவன போர்க்கைதிகளின் நூல்களே. ஆஸ்திரேலிய மருத்துவர் டன்லப்பின் நாட்குறிப்பு 1986இலும், எரிக் லோமாக்ஸின் நினைவுக்குறிப்பு 1995இலும் வெளிவந்தன. 1942-43இல் ஜப்பானியர் அமைத்த, 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் மாண்ட போர்க்கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர். ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் இதனினும் பன்மடங்கினர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவருள் பெருந்தொகையினர். எனினும் அவர்தம் தன்வரலாறுகள் மிக அரியன.

எழுத்தறிவின்மை ஒன்றே இதற்குக் காரணம் என்பதை நாம் ஏற்கவில்லை. போர்க்கைதிகளிடையே அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தனர். இறந்தோர் பெயர்களை மறைத்தெழுதிக் காத்தனர். தொழிலாளர்க்கு அத்தகைய அமைப்பு இல்லை. 1943இல் காலரா பரவியபோது மாண்டவர் பலருக்குப் பெயர்க்குறிப்பே எஞ்சவில்லை. மீண்டவர் கூறியவையும் பெரும்பாலும் தோட்டத்து லயங்களின் பேச்சாகவே நின்றன.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலாதலின் அதனைச் சான்றாகக் கொள்ளத் தயங்குவோர் உளர். தயக்கம் முறையே. ஆயின் லோமாக்ஸின் நூலும் நிகழ்ச்சிகளுக்கு ஐம்பதாண்டுகள் கழித்து வெளிவந்ததன்றோ? கலந்துரையாடலில் அந்நாவலையும், சிங்கப்பூரில் 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளையும் போர்க்கைதிகளின் நூல்களோடு ஒருங்கே வைத்துப் படிக்கலாம்.